பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் யாரை அழைக்கிறது?



பாடசாலை விடுமுறை நெருங்கும் நாட்களில் கண்டி நகரின் தலதா வீதியிலோ கொழும்பு வீதியிலோ நடந்து பாருங்கள். இலத்திரனியல் பொருட்கள் விற்கும் கடைகளின் முன்னால், கண்ணாடிக்கு அப்பால் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளைப் பார்த்தபடி பிள்ளைகள், பெரும்பாலும் ஆண்பிள்ளைகள், நின்றுகொண்டிருப்பார்கள். பக்கத்தில் அம்மா நிற்பார். அந்தப் பெட்டிகளின் பெயர்கள் எல்லாம் மகனுக்கு மனப்பாடம். அம்மாவுக்கோ ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் காசு இருப்பது அம்மாவின் கைப்பையில்.

தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் வீடியோ கேம் இயந்திரங்களைப் பற்றித்தான் இம்மாதம் பேசப்போகிறோம். விற்பவர்கள் இதனைக் ‘கொன்சோல்’ என்பார்கள். எங்கள் பக்கத்தில் நீண்ட காலமாகவே இதற்கு ‘ரீவி கேம்’ என்று பெயர்.

அரிசி, பருப்பு விலைக்கே வழியைத் தேடும் எமக்கு இந்தப் பேச்சு அவசியமா என்று சிலர் கேட்கலாம். அவசியம் என்றே நினைக்கிறேன். எமது வாசகியர் பலர் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். கணவரை யுத்தத்தில் இழந்தவர்கள், காணாமற்போனவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து கண்டிப் பக்கம் வந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கும் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் இங்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களுடன் பேசும்போது நான் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. “அப்பா இல்லாத குறை பிள்ளைக்குத் தெரியக்கூடாது, மிஸ்.” இந்த வசனத்தின் பின்னால் எத்தனை கடன்கள் இருக்கின்றன என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் வாங்கித் தருவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்ற, காதில் போட்டிருந்ததை அடகு வைத்த தாயையும் கண்டிருக்கிறேன்.

ஆகவே அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குவோம்

எங்கள் பெண்கள் ‘தையல் மெஷின்’ என்பதைவிடச் ‘சிங்கர் மெஷின்’ என்றே அதிகம் சொல்வார்கள். வேறு நிறுவனத்தின் மெஷினாக இருந்தாலும் வாயில் வருவது சிங்கர்தான். ஒரு நிறுவனத்தின் பெயர் அந்தப் பொருளின் பெயராகவே மாறிவிட்டது.

சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1850களில், அமெரிக்காவில் தவணை முறையில் மெஷின் விற்கத் தொடங்கியிருந்தது. முழுப் பணமும் கையில் இல்லாத குடும்பம் சிறிது பணம் கொடுத்து மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மிகுதியை மாதாமாதம் கட்டலாம். மெஷினை ஓட்டப்போகும் பெண்ணை நினைவில் வைத்தே அந்த விளம்பரங்கள் பேசின. இது உன் வீட்டுக்கு உழைத்துத் தரும் என்பதே அவற்றின் செய்தி. அதில் உண்மையும் இருந்தது. அந்த மெஷினால் பிள்ளைகளைப் படிக்க வைத்த பல பெண்களை நாமே அறிவோம்.

வீடியோ கேம் இயந்திரத்தின் கதை வேறு. அதுவும் குடும்பப் பணத்திலேயே வாங்கப்படுகிறது. ஆனால் அதன் விளம்பரம் பெரும்பாலும் பணம் கொடுப்பவரோடு பேசுவதில்லை. பெயர் பிள்ளையைக் கூப்பிடுகிறது, பிள்ளை அம்மாவைக் கூப்பிடுகிறது.

‘விளையாட்டு’ என்று சொல்லாத பெயர்கள்

வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் முதலாவது இயந்திரம் 1972 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ‘ஒடிசி’. பழைய கிரேக்கக் காவியமொன்றின் பெயர் அது, ஆங்கிலத்தில் நெடும்பயணம் என்ற பொருளில் வழங்குகிறது. 1977 இல் அட்டாரி நிறுவனம் தனது இயந்திரத்துக்கு ‘வீடியோ கொம்பியூட்டர் சிஸ்டம்’ என்று பெயர் வைத்தது. கொம்பியூட்டர் என்றால் அறிவு, எதிர்காலம் என்று மக்கள் எண்ணிய காலம் அது. விளையாட்டுச் சாமான் என்றால் வாங்கத் தயங்கும் பெற்றோர், கொம்பியூட்டர் என்றால் சற்று யோசிப்பார்கள் அல்லவா?

1983 இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஓர் இயந்திரத்தை வெளியிட்டது. கியோட்டோ நகரில் 1889 இல் சீட்டுக்கட்டுத் தயாரிக்கத் தொடங்கிய பழைய நிறுவனம் அது. இயந்திரத்தை வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா. ஆரம்பத்தில் அவர் அதற்கு ‘கேம்கொம்’ என்று பெயர் வைத்திருந்தார். மாற்றுப் பெயரைச் சொன்னவர் அவரது மனைவி. இது அலுவலகக் கொம்பியூட்டரும் அல்ல, தனி ஒருவருக்கான கொம்பியூட்டரும் அல்ல, குடும்பம் முழுவதற்குமானது, ஆகவே ‘ஃபமிகொம்’ என்று வைக்கலாமே என்றார். இயந்திரம் ‘ஃபமிலி கொம்பியூட்டர்’ என்ற பெயரிலேயே கடைக்கு வந்தது. ஜப்பானியர் அதனை ஃபமிகொம் என்றே அழைத்தார்கள். கோடிக்கணக்கில் விற்ற ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் யோசனை இருந்திருக்கிறது. வீடு எப்படி யோசிக்கும் என்பது வீட்டை நடத்துபவருக்குத் தெரிந்திருக்கிறது!

அதே இயந்திரத்தை 1985 இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது பெயரை மாற்றினார்கள். 1983 இல் அங்கே வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. தரமற்ற விளையாட்டுகள் குவிந்து, கடைக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வீடியோ கேம் என்றாலே வேண்டாம் என்றார்கள். எனவே நின்டெண்டோ ‘என்ரர்டெயின்மென்ட் சிஸ்டம்’, அதாவது பொழுதுபோக்குத் தொகுதி, என்று பெயர் வைத்தது. படம் பார்க்கும் வீடியோ டெக் போலத் தோற்றத்தையும் மாற்றியது. கூடவே ஒரு சிறிய ரோபோவையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த ரோபோவால் விளையாடக்கூடிய விளையாட்டுகள் இரண்டே இரண்டுதான். கடைக்குள் நுழைவதற்கு அது உதவியது. கொஞ்சக் காலத்தில் ரோபோ காணாமற் போய்விட்டது.

உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒரே இயந்திரம்தான். ஜப்பானில் அது குடும்பத்தின் கொம்பியூட்டர், அமெரிக்காவில் பொழுதுபோக்குத் தொகுதி. விற்க வேண்டிய இடத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அந்தக் கதவுக்கு ஏற்ற பெயர்.

பெயரில் ஒரு பையன்

அமெரிக்காவில் இவ்வியந்திரம் விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகளுக்குள் போனது. அக்கடைகளில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். வீடியோ கேம் ஆண்பிள்ளைகளின் பக்கத்தில் வைக்கப்பட்டது. விளம்பரங்களும் அப்படியே அமைந்தன. 1989 இல் கையில் வைத்து விளையாடும் சிறிய இயந்திரமொன்றை நின்டெண்டோ வெளியிட்டபோது பெயரிலேயே அது வந்துவிட்டது: ‘கேம் போய்’. விளையாட்டுப் பையன்.

ஆனால் பெயர் அழைக்காதவர்களும் விளையாடினார்கள். 1995 இல் நின்டெண்டோவின் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி கேம் போய் விளையாடியவர்களில் 46 வீதமானோர் பெண்கள். அந்த இயந்திரத்துடன் சேர்த்து விற்கப்பட்ட ‘டெட்ரிஸ்’ என்ற, விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு இதற்கு ஒரு முக்கிய காரணம். அலெக்சி பஜித்னோவ் என்பவர் 1984 இல் மொஸ்கோவில் உருவாக்கியது அது. எமது ஊர்களில் பற்றரி போட்டு விளையாடிய, கட்டைகள் விழும் சின்னஞ்சிறு கேம் நினைவிருக்கிறதா? அதன் மூலமும் இதுதான். பையன் பாடசாலைக்குப் போன பின்னர் அம்மா அதை எடுத்து விளையாடிய வீடுகள் எத்தனை!

சமூகவியலில் ‘பால்நிலைச் சமூகமயமாக்கல்’ என்று ஒரு விடயத்தைப் படிப்போம். ஆண்பிள்ளைக்கு எது பொருத்தம், பெண்பிள்ளைக்கு எது பொருத்தம் என்பதை வீடு, பாடசாலை, சந்தை மூன்றும் சேர்ந்து சொல்லிக்கொடுக்கின்றன என்பதே அதன் சாரம். பெட்டியின் பெயரும் அப்படி ஒரு பாடம் சொல்கிறது. “இது தம்பிக்கு” என்று எழுதாமலே சொல்கிறது. வீட்டில் ஓர் இயந்திரத்துக்குப் பெரிய தொகை செலவழித்து, அதை மகன் மட்டும் வைத்திருக்க, மகள் குசினியில் நின்றால், அந்தப் பாடத்தை நாமும் படிப்பித்தவர்களாகிறோம்.

எமது கடைத்தெருவுக்கு வந்த பெயர்கள்

நின்டெண்டோவின் அசல் இயந்திரம் எமது சாதாரண குடும்பங்களுக்கு எட்டவில்லை. எட்டியது அதன் நகல். தாய்வானிலும் சீனாவிலும் தயாரான ஃபமிகொம் நகல்கள் ஆசியா முழுவதும் பரவின. 1990களிலும் 2000களிலும் எங்கள் கடைகளிலும் நடைபாதைகளிலும் ‘ரீவி கேம்’ என்று விற்கப்பட்டவை இவைதான்.

இந்த நகல்களின் பெயர்களைக் கவனியுங்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் விற்ற ஒன்றின் பெயர் ‘டேர்மினேட்டர்’. 1984 இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தின் பெயர் அது. தாயாகப்போகும் ஒரு பெண்ணைக் கொல்வதற்கென்றே அனுப்பப்படும் இயந்திரத்தின் கதை. அந்தப் பெயரைத்தான் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில் அச்சிட்டார்கள்.

இன்னொன்று ‘பொலிஸ்டேஷன்’. சோனி நிறுவனம் 1994 டிசம்பரில் வெளியிட்ட ‘பிளேஸ்டேஷன்’ உலகப் புகழ் பெற்றதும், ஓரிரண்டு எழுத்தை மட்டும் மாற்றி இப்பெயரை வைத்தார்கள். வெளித்தோற்றம் பிளேஸ்டேஷன் போலவே இருக்கும். மேல் மூடியைத் திறந்தால் இறுவட்டு வைக்க இடமிருக்காது. பழைய ஃபமிகொம் கசெட் செருகும் துவாரம் இருக்கும். ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கும் ஒரு தாய்க்கு இந்த வித்தியாசம் கண்ணில் படுமா?

எண்களும் ஒரு வகைப் பெயர்தான். ‘9999 இன் 1’ என்று பெட்டியில் இருக்கும். உள்ளே வெவ்வேறான விளையாட்டுகள் சிலவே இருக்கும். அவற்றையே வேகத்தையும் தொடங்கும் கட்டத்தையும் மாற்றித் திரும்பத் திரும்பப் பட்டியலிட்டிருப்பார்கள். இன்று தொலைக்காட்சியில் செருகும் ‘கேம் ஸ்டிக்’ என்ற சிறிய சாதனங்களின் பெட்டிகளிலும் பத்தாயிரம், இருபதாயிரம் என்ற எண்களைக் காணலாம்.

கலஹாப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி இப்படியான ஒன்றை வாங்கியிருந்தார். குவைத்தில் வேலை செய்யும் தங்கை பிள்ளைக்கென்று அனுப்பிய காசு. மகன் கேட்டது வேறு, பெட்டியின் படம் காட்டியது வேறு, உள்ளே இருந்தது வேறு. மகன் அழவில்லையாம். “பரவாயில்லம்மா, இதுவும் நல்லம்தான்” என்று சொல்லிவிட்டு ஒரு வாரத்தில் அதை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டான். அவன் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்றார் அந்தத் தாய்.

பெற்றோரைக் கூப்பிடும் பெயரும் உண்டு. சீனாவில் 1990களில் ‘சுபோர்’ என்ற நிறுவனம் ஃபமிகொம் நகலுக்கு ஒரு விசைப்பலகையைச் சேர்த்து, அதற்குக் ‘கற்றல் இயந்திரம்’ என்று பெயர் வைத்தது. நடிகர் ஜாக்கி சான் விளம்பரத்தில் தோன்றினார். தட்டச்சு, கணிதம் பழகலாம் என்றார்கள். பெற்றோர் படிப்புக்கென்று வாங்கினார்கள், பிள்ளைகள் கேம் விளையாடினார்கள். பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற ஏக்கம் எந்த நாட்டுத் தாய்க்கும் பொது. அந்த ஏக்கத்துக்கு விலை போட ஒரு பெயர் போதுமாக இருந்தது.

ஒரே எழுத்தில் மாறும் விலை

பெரிய நிறுவனங்களின் பெயர்கள் இன்னொரு விதமான குழப்பத்தைத் தருகின்றன. வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கும் சகோதரிகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

மைக்ரோசொப்ட் 2001 இல் ‘எக்ஸ்பொக்ஸ்’ இயந்திரத்தை வெளியிட்டது. இரண்டாவதற்கு ‘எக்ஸ்பொக்ஸ் 2’ என்று பெயர் வைத்தால் போட்டியாளரின் ‘பிளேஸ்டேஷன் 3’ ஐவிட ஒரு படி குறைவாகத் தோன்றும். ஆகவே 2005 இல் ‘எக்ஸ்பொக்ஸ் 360’ என்றார்கள். 2013 இல் வந்த மூன்றாவதற்கு ‘எக்ஸ்பொக்ஸ் வன்’, அதாவது ஒன்று, என்று பெயர்! பின்னர் 2017 இல் ‘வன் எக்ஸ்’, 2020 இல் ‘சீரீஸ் எக்ஸ்’, ‘சீரீஸ் எஸ்’. இவற்றில் எது புதியது, எது பழையது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? 2020 செப்டெம்பரில் புதிய சீரீஸ் எக்ஸுக்கு முன்பதிவு தொடங்கிய நாளில், பழைய வன் எக்ஸின் விற்பனையும் அமேசன் நிறுவனத்தின் பட்டியலில் திடீரென ஏறியது. பலர் பெயரால் மாறி வாங்கியிருக்கக்கூடும் என்று செய்திகள் எழுதின. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டிலேயே இந்த நிலை.

நின்டெண்டோவும் இதில் அடிபட்டது. 2006 இல் வந்த அதன் ‘வீ’ என்ற இயந்திரத்தின் பெயர் ‘நாம்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்கும். பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளை என எல்லோரும் விளையாடுவதாக விளம்பரம் செய்தார்கள். பத்துக் கோடிக்கும் அதிகமாக விற்றது. 2012 இல் அடுத்ததற்கு ‘வீ யூ’ என்று பெயரிட்டார்கள். அது புதிய இயந்திரமா, பழையதற்கு ஓர் உதிரிப் பாகமா என்பது பலருக்கு விளங்கவில்லை. விற்பனை சுமார் 1 கோடி 35 இலட்சத்தோடு நின்றது. பெயர் மட்டுமே காரணம் அல்ல, ஆனால் பெயரும் ஒரு காரணம்.

எமக்கு முக்கியமானது இதுதான். சீரீஸ் எஸ் விலை குறைந்தது. ஆனால் அதில் இறுவட்டுப் போட முடியாது. 2020 இல் வந்த ‘பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல்’ என்ற வகையும் அப்படியே. விளையாட்டுகளை இணையத்தில் காசு கொடுத்துத்தான் இறக்க வேண்டும். பழைய இறுவட்டைக் குறைந்த விலைக்கு வாங்கவோ, நண்பனிடம் இரவல் வாங்கவோ வழியில்லை. ஓர் எழுத்துக்குள், ஒரு சொல்லுக்குள் அடுத்த ஐந்து வருடச் செலவு ஒளிந்திருக்கிறது.

ஏனெனில் இந்த வியாபாரத்தில் இலாபம் பெட்டியில் இல்லை. எக்ஸ்பொக்ஸ் இயந்திரங்களை விற்பதால் தமக்கு ஒருபோதும் இலாபம் கிடைத்ததில்லை என்று மைக்ரோசொப்ட் அதிகாரி ஒருவர் 2021 மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றமொன்றில் சாட்சியம் அளித்தார். பிறகு வாங்கும் விளையாட்டுகளிலும் மாதச் சந்தாவிலும்தான் அவர்களுக்கு வருமானம். அடுப்பை மலிவாகக் கொடுத்துவிட்டு, காஸ் சிலிண்டரில் சம்பாதிப்பது போல. கைபேசியில் பிள்ளைகள் விளையாடும் கேம்களில் இருக்கும் ‘இலவசம்’ என்ற சொல்லையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நாம் அறிந்த வேறு பெயர்கள்

இனி எழுதப்போவது சிலருக்கு வேதனை தரலாம். ஆயினும் எமது பத்திரிகையில் இதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

பயங்கரமான ஒன்றுக்கு அழகான பெயர் வைக்கலாம் என்பதை எமது பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 இல் யாழ்ப்பாணத்து மக்களை ஒரே இரவில் தெருவுக்குக் கொண்டுவந்த இராணுவ நடவடிக்கைக்கு ‘ரிவிரச’, சூரியக் கதிர், என்று பெயர். 1997 இல் வன்னியில் தொடங்கியதற்கு ‘ஜெயசிக்குறு’, வெற்றி நிச்சயம். மறுபக்கத்தில் ‘ஓயாத அலைகள்’. சூரியனும் கதிரும் அலையும் பெயரில் இருந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயின் கால்கள் எந்தப் பெயரிலும் இல்லை.

2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக் மீது போர் தொடுத்தது. பக்தாத் நகர் மீதான பெரும் குண்டுவீச்சை ‘ஷொக் அன்ட் ஓ’ என்றார்கள். அதிர்ச்சியும் திகைப்பும் என்று சொல்லலாம். போர் தொடங்கிய மறுநாளே சோனி நிறுவனத்தின் அமெரிக்க வீடியோ கேம் பிரிவு அந்தப் பெயரைத் தனது வியாபாரக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. ஒரு விளையாட்டுக்குப் பெயர் வைப்பதற்காக! குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. விடயம் வெளியே வந்து கண்டனம் எழுந்ததும், ஏப்ரலில் விண்ணப்பத்தை மீளப்பெற்று வருத்தம் தெரிவித்தார்கள். நல்லது. ஆனால் அந்தப் பெயரைக் கண்டதும் விற்பனைக்கு ஆகும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதை நாம் மறக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் எமது நாட்டில் யுத்த நிறுத்தம் நிலவியது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, தென்பகுதிப் பொருட்கள் லொறி லொறியாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. 2006 இல் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள்.

யுத்த விளையாட்டு விளையாடும் பிள்ளை கெட்டுப்போவான் என்று நான் சொல்லவில்லை. நாமும் சிறுவயதில் கள்ளன் பொலிஸ் விளையாடியவர்களே. ஆனால் முன்னறையில் தொலைக்காட்சியிலிருந்து வெடிச்சத்தம் கேட்கும்போது உள்ளறையில் தாயின் கை நடுங்குகிறது என்றால், அது சிறிய விடயம் அல்ல. ஒரு குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: “சத்தத்தைக் குறை என்று மட்டும் சொல்லுவன். ஏன் என்று சொன்னதில்லை.” பதினாறு வயது மகனுக்கு ஏன் என்று சொல்லலாம். 2009 இன் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தம்தான். அது எமக்கு என்ன என்பதை நாம் சொன்னால் தவிர அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வாங்குவதற்கு முன்

வாங்கவே கூடாது என்பது என் கருத்து அல்ல. வாங்கத்தான் வேண்டும் என்பதும் அல்ல. முடிவு உங்களுடையது. முடிவெடுக்கும் முன் சில விடயங்களைப் பாருங்கள்.

1. பிள்ளை கேட்கும் இயந்திரத்தின் முழுப் பெயரை அவனைக் கொண்டே ஒரு தாளில் எழுதுவியுங்கள். கடையில் பெட்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எழுத்தின் உருவத்தை ஒப்பிடலாம். அதில் வெட்கம் இல்லை.

2. இறுவட்டுப் போடும் வாய் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விளையாட்டு எப்படிக் கிடைக்கும், இணையத்துக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

3. இயந்திரத்தின் விலையோடு நிறுத்தாதீர்கள். இன்னொரு கைப்பிடி, விளையாட்டுகள், சந்தா எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கணக்குப் பார்த்து, வீட்டுச் செலவுக் கொப்பியில் எழுதுங்கள். இதற்கென்று நுண்கடன் எடுக்காதீர்கள். தவணை முறை என்றால் மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பீர்கள் என்பதைக் கேட்டறியுங்கள்.

4. அசல் விளையாட்டுப் பெட்டிகளின் மூலையில் வயதைக் குறிக்கும் ஒரு சிறிய கட்டம் இருக்கும். ஐரோப்பிய முறையில் 3, 7, 12, 16, 18 என்ற எண்கள் இருக்கும். அமெரிக்க முறையில் எழுத்துக்கள் இருக்கும். ‘எம்’ என்றால் 17 வயதுக்கு மேல். பெட்டி முழுவதும் பிள்ளையோடு பேசுகிறது. அந்தச் சிறிய கட்டம் மட்டுமே பெற்றோருக்காகப் போடப்பட்டது. அதை வாசியுங்கள். நகல் பெட்டிகளில் அது பெரும்பாலும் இருக்காது.

5. பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி விற்பது குற்றம். பற்றுச்சீட்டு கேட்பது உங்கள் உரிமை. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் கிடைத்தால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

6. வீட்டுக்கு வந்தால் அது வீட்டுக்கு உரியது. மகளுக்கும் அதில் நேரம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்களும் ஒரு முறை கைப்பிடியை வாங்கிப் பாருங்கள். பிள்ளைக்கு அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பதில் ஒரு சந்தோசம் இருக்கிறது. அவன் எதை விளையாடுகிறான் என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

வாங்க வசதி இல்லையென்றால் அதையும் பிள்ளையிடம் கணக்கோடு சொல்லலாம். “அம்மாவிடம் இல்லை” என்று சொல்வதற்கு எமது தாய்மார் அஞ்சுகிறார்கள். அப்பா இருந்த வீடுகளிலும் இல்லாமை இருந்தது. செலவுக் கொப்பியைத் திறந்து மகனுக்குக் காட்டிய ஒரு தாய், அதன் பிறகு அவன் கேட்பதை நிறுத்தவில்லை, ஆனால் கேட்கும் விதம் மாறிவிட்டது என்றார். “இந்த வருடம் முடியுமா, அடுத்த வருடமா?” என்று கேட்கிறானாம்.

உங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுங்கள். வீட்டிலிருக்கும் வெறும் பெட்டிகள் சிலவற்றைக் கொண்டுவாருங்கள். பால்மா, சவர்க்காரம், கைபேசி எதுவானாலும் சரி. பெயர் யாரைக் கூப்பிடுகிறது, பணம் யார் கொடுக்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பாருங்கள். என்ன பேசினீர்கள் என்பதை எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்தில் பகிர்ந்துகொள்வேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.